மாமியாருக்குச் சம்பளம் தரலாம், கணவருக்குத் தந்தால்..?

2025-ம் ஆண்டு ஆகஸ்ட் 11-ம் தேதி. பிகார் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை எதிர்த்து எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எழுப்பிய முழக்கத்துக்கு நடுவே, புதிய வருமான வரி மசோதா மக்களவையில் குரல் வாக்கெடுப்பு மூலம் நிறைவேறியது. விவாதம் ஏதும் நடக்கவில்லை. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. ஆகஸ்ட் 21-ம் தேதி குடியரசுத் தலைவரின் இசைவும் கிடைத்தது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நாட்டின் வரி வசூலுக்கு அடிப்படையாக இருந்த 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் வகையில் 536 பிரிவுகள் கொண்ட புதிய சட்டம் உருவானது.

சட்டத்தின் மொழியை எளிமையாக்குவதுதான் நோக்கம், கொள்கையில் பெரிய மாற்றம் இல்லை என்பது அரசு அளித்த விளக்கம். அந்த விளக்கம் உண்மைதான். பிரச்னையும் அங்கேதான் இருக்கிறது. கொள்கையில் மாற்ற வேண்டியவை எவை என்று அவை உட்கார்ந்து பேசியிருந்தால், அரை நூற்றாண்டுப் பழமையான ஓர் அநீதியாவது கண்ணில் பட்டிருக்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து உழைக்கும் சிறு தொழில்களில், ஒருவர் மற்றவருக்குத் தரும் சம்பளத்தைச் சட்டம் சம்பளமாகவே மதிப்பதில்லை என்பதுதான் அது.

இந்த அநீதி எப்படிச் செயல்படுகிறது என்பதை அறிய, வீட்டிலேயே நடத்தப்படும் குழந்தைகள் காப்பகங்களை எடுத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும். தில்லி, நொய்டா, குருகிராம், பெங்களூரு, புணே போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், "டே-கேர்' என்ற பெயர்ப் பலகையுடன் இவை ஏராளமாக இயங்குகின்றன. பெரும்பாலும் ஒரு பெண்தான் உரிமையாளர். வீட்டின் கூடமும் ஓர் அறையும் காப்பகமாகின்றன. அக்கம்பக்கத்தில் வேலைக்குப் போகும் தம்பதியரின் குழந்தைகள் காலையில் வந்து மாலையில் திரும்புகின்றன. ஓரிரு ஆயாக்கள் சம்பளத்துக்கு இருப்பார்கள். மற்றபடி சமையலை மாமியார் பார்த்துக் கொள்வார். கல்லூரியில் படிக்கும் மகள் மாலையில் குழந்தைகளுக்குக் கதை சொல்வாள். குழந்தைகளை அழைத்து வருவது, கணக்கு எழுதுவது, காய்கறி வாங்குவது எல்லாம் கணவரின் பொறுப்பு. குடும்பமே உழைத்தால்தான் தொழில் ஓடும்.

இந்த உழைப்புக்குச் சம்பளம் கொடுத்து, அதைத் தொழில் செலவாகக் கழித்துக்கொள்ள முடியுமா? வருமான வரிச் சட்டம் இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்வதில்லை. உறவுக்கு ஏற்ப வெவ்வேறு பதில் சொல்கிறது.

மகளுக்கு 18 வயது நிரம்பியிருந்தால் தாராளமாகச் சம்பளம் தரலாம். தாய், தந்தை, சகோதரருக்கும் அப்படியே. வேலை உண்மையாக நடந்திருக்க வேண்டும். சம்பளம் சந்தை நிலவரத்துக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். அளவுக்கு மீறியிருந்தால், மீறிய தொகையை மட்டும் மதிப்பீட்டு அதிகாரி ஏற்க மறுக்கலாம். 1961-ம் ஆண்டுச் சட்டத்தின் 40ஏ பிரிவு வகுத்த நெறி இது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தில் "உறவினர்' என்பதற்குக் கணவன், மனைவி, உடன்பிறந்தோர், நேர்வழி முன்னோர், நேர்வழி வாரிசுகள் என்றுதான் வரையறை. மாமியார் அந்தப் பட்டியலிலேயே இல்லை. எனவே மாமியாரின் சம்பளம் அதிகமா, குறைவா என்ற கேள்வியை உறவின் அடிப்படையில் எழுப்பவும் வழியில்லை. மற்ற எந்த ஊழியரின் சம்பளத்தையும் போல அது தொழிலுக்காகச் செலவிடப்பட்டதா என்று மட்டுமே பார்க்கப்படும்.

கணவருக்குத் தந்தால் மட்டும் கதையே மாறிவிடுகிறது. தொழிலில் கணிசமான பங்கு உள்ள ஒருவர் தமது வாழ்க்கைத் துணைக்குத் தரும் சம்பளம், கமிஷன், கட்டணம் எதுவானாலும், அது தந்தவரின் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும் என்கிறது 64-ம் பிரிவு. ஒரு பக்கம் செலவாகக் கழித்து, மறுபக்கம் வருமானமாகக் கூட்டிவிடுகிறார்கள். வலது கையால் கொடுத்ததை இடது கையால் பிடுங்கிக்கொள்வது போலத்தான் இது. உழைத்தவர் கணவர், வரி கட்ட வேண்டியவர் மனைவி. உரிமையாளர் கணவராகவும் உழைப்பவர் மனைவியாகவும் இருந்தாலும் இதே நிலைதான்.

கணக்கு சொல்லும் பாடம்: ஓர் உதாரணக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு காப்பகத்தில் 20 குழந்தைகள். மாதக் கட்டணம் தலா ரூ. 12 ஆயிரம். ஆண்டு வரவு ரூ. 28.80 லட்சம். வாடகை, ஆயாக்களின் சம்பளம், உணவு, மின்சாரம் உள்ளிட்ட செலவுகள் ரூ. 14 லட்சம் போக மீதி ரூ. 14.80 லட்சம். முழு நேரமும் காப்பகத்திலேயே உழைக்கும் கணவருக்கு மாதம் ரூ. 40 ஆயிரம் வீதம் ரூ. 4.80 லட்சம் சம்பளம் தரப்படுகிறது. உரிமையாளரின் லாபம் ரூ. 10 லட்சம்.

2025-26 நிதியாண்டுக்கான புதிய வரி முறையில், ஆண்டு வருமானம் ரூ. 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடி காரணமாக வரி இல்லை. இருவரையும் தனித்தனி மனிதர்களாகப் பார்த்தால் மனைவிக்கும் வரி இல்லை, கணவருக்கும் வரி இல்லை. ஆனால் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கணவரின் சம்பளத்தில் நிலையான கழிவு ரூ. 75 ஆயிரம் போக மீதமுள்ள ரூ. 4.05 லட்சம் மனைவியின் கணக்கில் ஏறுகிறது. மொத்தம் ரூ. 14.05 லட்சம். தள்ளுபடி பறிபோய், கூடுதல் தீர்வையும் சேர்த்து ரூ. 94,380 வரி விழுகிறது. கணவருக்குச் சம்பளமே தராமல் ரூ. 14.80 லட்சத்தையும் தமது லாபமாகக் காட்டியிருந்தால் வரி ரூ. 1,06,080. ஆக, ஓர் ஆண்டு முழுவதும் ஒரு மனிதர் உழைத்த உழைப்பைச் சட்டம் மதிப்பதால் கிடைக்கும் நிவாரணம் ரூ. 11,700 மட்டுமே.

அதே வேலையை அதே சம்பளத்துக்கு மாமியாரோ, கணவரின் தம்பியோ, தெருவில் போகும் யாரோ ஒருவரோ செய்திருந்தால் உரிமையாளருக்கு வரியே இல்லை. தாலி கட்டியதற்கு அரசு விதிக்கும் அபராதம் ரூ. 94,380 என்று ஒருவர் சொன்னால் மறுப்பது கடினம்.

சான்றிதழ் இல்லாத திறமை: சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வாழ்க்கைத் துணைக்குத் தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இருந்து, அந்த அறிவையும் அனுபவத்தையும் பயன்படுத்தியதால் மட்டுமே சம்பளம் கிடைத்திருந்தால், அது சேர்த்துக் கணக்கிடப்படாது. கணவர் மருத்துவமனை நடத்த, மனைவி அங்கே மருத்துவராகப் பணியாற்றினால் அவரது சம்பளம் அவருடையதுதான். மருத்துவரின் மனைவி வரவேற்பாளராகவும் கணக்கராகவும் பணியாற்றினால்? அப்படி ஒரு வழக்கில், உரிய தகுதி இல்லை என்று சொல்லி மனைவியின் சம்பளத்தைக் கணவரின் வருமானத்தில் சேர்த்தது சரியே என்று 1994-ல் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தகுதி என்றால் பட்டமோ பட்டயமோதான் என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை என ஆந்திர உயர் நீதிமன்றம் 1985-லேயே சற்றுத் தாராளமாகக் கூறியிருந்தது. ஆக, ஒரே சொல்லுக்கு இரு மாநிலங்களில் இரு பொருள்.

குழந்தைகள் காப்பகத்தில் இந்தக் குழப்பம் கேலிக்கூத்தாகிறது. மழலையர் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருப்பவர் பாட்டுச் சொல்லிக் கொடுத்தால் அது தொழில்முறைத் தகுதி. காய்ச்சலில் சிணுங்கும் இரண்டு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்க வைப்பவருக்கு எந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது? பிள்ளை வளர்ப்பது ஒரு திறமையே அல்ல, யாரும் செய்யக்கூடிய வேலை என்ற பழைய எண்ணம்தான் வரிச் சட்டத்தின் வாசகத்திலும் உறைந்து கிடக்கிறது. பெண்கள் காலங்காலமாகச் செய்துவந்த வேலை என்பதால்தான் அதற்கு மதிப்பில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் இல்லாமலா?: இப்படியொரு விதி வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மனைவி, மக்கள் பெயரில் வருமானத்தைப் பிரித்துக் காட்டி வரியைக் குறைக்கும் தந்திரத்தைத் தடுக்கும் விதிகள் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே 1937-ல் வந்துவிட்டன. வாழ்க்கைத் துணையின் சம்பளத்தையும் அந்த வலைக்குள் கொண்டுவந்தது 1975-ம் ஆண்டின் வரிச் சட்டத் திருத்தம். 1976 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வருமான வரியின் உச்ச விகிதம் 1973-74-ல் கூடுதல் வரியும் சேர்த்து 97.75 சதவீதத்தைத் தொட்டிருந்தது. நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாய்தான் மிஞ்சும் என்றால், அலுவலகத்தின் வாசலைக்கூட மிதிக்காத மனைவியின் பெயரில் சம்பளம் எழுதும் ஆசை பணக்காரர்களுக்கு வரத்தானே செய்யும்? அந்தச் சூழலில் கடுமையான விதி தேவைப்பட்டிருக்கலாம்.

அந்தச் சூழல் மறைந்து பல காலமாகிவிட்டது. உச்ச வரி விகிதம் 30 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பெரும் செல்வந்தர்களுக்கு மட்டுமே அதன்மேல் கூடுதல் வரி. பான் எண்ணும் ஆதாரும் இணைக்கப்பட்டுவிட்டன. வங்கி வட்டி முதல் பங்கு விற்பனை வரை அனைத்தும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் வரித் துறையின் கைக்கு வந்துவிடுகின்றன. போலிச் சம்பளத்தைக் கண்டுபிடிக்க வழியில்லாத காலத்தில் எல்லாக் கணவன், மனைவியரையும் சந்தேகப் பட்டியலில் வைத்தது ஒரு வழி. இப்போதும் அதையே தொடர்வதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

தவிரவும், உண்மையான செல்வந்தர்களை இந்த விதி தடுத்து நிறுத்துகிறதா? அவர்களுக்கு இந்து கூட்டுக் குடும்பம் என்ற தனிக் கணக்கு இருக்கிறது, நிறுவனங்கள் இருக்கின்றன, அறக்கட்டளைகள் இருக்கின்றன, எந்தச் சம்பளத்துக்கு எந்தத் தகுதியைக் காட்டலாம் என்று யோசனை சொல்ல ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். சிக்குபவர்கள் சாதாரணமானவர்கள்தான்.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பு: "சிறிய காப்பகங்கள் எல்லாம் ரூ. 12 லட்சத்துக்குள்தானே சம்பாதிக்கின்றன. அவர்களுக்கு எதற்கு இந்தக் கவலை?' என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. அதுமட்டுமல்ல, ஆண்டு வரவு ரூ. 2 கோடிக்குள் இருக்கும் சிறு தொழில்கள் உத்தேச வருமானத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும் சட்டம் அனுமதிக்கிறது. ரொக்க வரவு மிகக் குறைவாக இருந்தால் இந்த வரம்பு ரூ. 3 கோடி. வரவில் 8 சதவீதத்தை, வங்கி மூலமாகவோ மின்னணு முறையிலோ வந்த தொகையில் 6 சதவீதத்தைக் குறைந்தபட்ச லாபமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகங்களே தேவையில்லை.

ஆனால் இந்தச் சலுகைக்கு ஒரு விலை உண்டு. உத்தேசத் திட்டத்தில் எல்லாச் செலவும் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகக் கருதப்படும். யாருக்கு எவ்வளவு சம்பளம் தரப்பட்டது என்று எழுத வேண்டிய அவசியமே இல்லை. எனவே கணவரின் உழைப்பு மட்டுமல்ல, மாமியார், மகள் ஆகியோரின் உழைப்பும் காகிதத்திலிருந்து மறைந்துவிடுகிறது. நாளை காப்பகத்தை விரிவுபடுத்த வங்கிக் கடன் கேட்டால், காட்டிய குறைந்த லாபம்தான் அளவுகோலாகும். வீட்டுக் கடனுக்குக் கணவர் விண்ணப்பித்தால், "உங்கள் வருமான வரிக் கணக்கு எங்கே?' என்று வங்கி மேலாளர் கேட்பார். ஆண்டுக்கணக்கில் உழைத்தவரிடம் காட்டுவதற்கு ஒரு தாளும் இருக்காது. முறையாகக் கணக்கு எழுதிச் சம்பளம் தந்தாலும், சேர்த்துக் கணக்கிடும் விதியால் அந்த வருமானம் மனைவியின் கணக்கில்தான் வரி கட்டும். கணக்கு எழுதினால் தண்டனை, எழுதாவிட்டால் ஆளே இல்லை. இந்த இரண்டு வழிகளைத்தான் சட்டம் திறந்துவைத்திருக்கிறது.

இது சில ஆயிரம் காப்பகங்களோடு முடிகிற விஷயமும் அல்ல. தொழிலாளர் நிலை குறித்த மத்திய அரசின் ஆய்வுகளில், "குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர்' என்றே ஒரு பிரிவு உண்டு. வேலையில் இருப்பதாகக் கணக்கிடப்படும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் இந்தப் பிரிவில்தான் வருகின்றனர். மளிகைக் கடை, தையல் நிலையம், சிற்றுண்டிச் சாலை என்று எங்கெல்லாம் மனைவி உழைத்துக் கணவர் பெயரில் தொழில் நடக்கிறதோ அங்கெல்லாம் 64-ம் பிரிவின் நிழல் விழுகிறது. "மனைவிக்குச் சம்பளம் எழுதிப் பயன் இல்லை' என்று ஆடிட்டர் சொல்லும் ஒற்றை வரியில், அந்தப் பெண்ணின் வருமானம், வங்கிக் கணக்கு, சேமிப்பு, ஓய்வுக்கால ஏற்பாடு எல்லாமே அடிபட்டுப் போகின்றன.

குழந்தைகள் காப்பகம் என்ற துறைக்கே அரசு எவ்வளவு மதிப்பளிக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயது வரையிலான பெண்களில் 41 சதவீதத்தினர் வீட்டில் உள்ளோரைப் பராமரிக்கும் பணியில் ஈடுபடுகின்றனர். அதற்காக நாளொன்றுக்கு 140 நிமிஷங்கள் செலவிடுகின்றனர். பராமரிப்பில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 74 நிமிஷங்கள். இந்தச் சுமையை இறக்கி வைக்க வேண்டும் என்றால் காப்பகங்கள் வேண்டும். 50 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ பணிபுரியும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்று 2017-ம் ஆண்டு மகப்பேறு பலன்கள் திருத்தச் சட்டம் கட்டளையிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அது இடம்பெற்றிருக்கிறது. சிறிய நிறுவனங்களில் வேலை பார்க்கும் பெரும்பான்மைப் பெண்களுக்கு அதனால் பயனில்லை. "பால்னா' திட்டத்தில் அங்கன்வாடிகளோடு இணைந்த காப்பகங்கள் திறக்கப்படுவது வரவேற்கத்தக்கதே என்றாலும், தேவையின் முன் அது சிறு துளி. மீதியை நிரப்புபவை அடுக்குமாடி வீடுகளில் இயங்கும் இந்தக் காப்பகங்கள்தான்.

பெற்றோர் பக்கமும் சலுகை இல்லை. பழைய வரி முறையில், நர்சரிப் பள்ளிக் கட்டணத்துக்கு 80சி பிரிவில் கழிவு உண்டு. காப்பகக் கட்டணத்துக்குக் கிடையாது. புதிய வரி முறையில் இரண்டுக்குமே இல்லை. தாய் வேலைக்குப் போவதற்காகவே செய்யப்படும் செலவு, வருமானம் ஈட்டுவதற்கான செலவாக ஏற்கப்படுவதில்லை.

வீட்டையே தொழிலிடமாக்குபவர்களுக்கும் தெளிவான வழிகாட்டுதல் இல்லை. வாடகை, பழுதுபார்ப்பு, மின்சாரம் ஆகியவற்றில் தொழிலுக்குப் பயன்படும் பங்கைக் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. அந்தப் பங்கு எவ்வளவு? பகலில் இருபது குழந்தைகள் விளையாடும் கூடத்தில்தான் இரவில் குடும்பம் படுத்துறங்குகிறது. அமெரிக்க வருமான வரித் துறை இதற்கென்றே ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது. வீட்டின் பரப்பில் காப்பகத்தின் பங்கு எவ்வளவு, ஆண்டின் மொத்த மணி நேரத்தில் காப்பகம் இயங்கும் நேரம் எவ்வளவு என்று இரண்டையும் பெருக்கிக் கழிவைக் கணக்கிடுகிறார்கள். அறையைக் குடும்பமும் பயன்படுத்துவதைக் காரணம் காட்டிக் கழிவை மறுப்பதில்லை. நம் நாட்டில் அது மதிப்பீட்டு அதிகாரியின் மனநிலையைப் பொறுத்த விஷயமாக இருக்கிறது.

என்ன செய்யலாம்?: 64-ம் பிரிவை ஒரேயடியாகத் தூக்கி எறிய வேண்டும் என்பதில்லை. சொத்தை மனைவி பெயருக்கு மாற்றி வருமானத்தைப் பிரிப்பதைத் தடுக்கும் பகுதி அப்படியே இருக்கட்டும். 18 வயது நிரம்பாத பிள்ளைகளின் வருமானத்தைப் பெற்றோரோடு சேர்க்கும் விதியும் இருக்கட்டும். பிள்ளைகளைச் சம்பளப் பட்டியலில் ஏற்றும் ஆசையை வரிச் சலுகை தூண்டிவிடக் கூடாது. உழைத்துப் பெற்ற சம்பளத்தைப் பற்றியதுதான் கோரிக்கை.

சகோதரருக்கும் மகளுக்கும் எந்த அளவுகோலோ, அதே அளவுகோல் வாழ்க்கைத் துணைக்கும் போதும். வேலை உண்மையா, சம்பளம் நியாயமா என்பதை மட்டும் அதிகாரி பார்க்கட்டும். சம்பளம் வங்கி மூலம் தரப்பட வேண்டும், பெற்றவர் தனியாக வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம். முறைகேடு நடக்கும் என்ற அச்சம் தீரவில்லை என்றால், முதல் கட்டமாக ஓர் உச்சவரம்பு வைக்கலாம். புதிய வரி முறையில் அடிப்படை விலக்கு வரம்பாக உள்ள ரூ. 4 லட்சம் வரையிலான சம்பளத்துக்காவது, தகுதிச் சான்றிதழ் கேட்காமல் விலக்கு அளிக்கலாம். பெரும் பணக்காரர்களுக்கு அந்தத் தொகையால் பெரிய லாபம் இல்லை; சிறு குடும்பத்துக்கு அது வாழ்வாதாரம்.

தம்பதியர் விரும்பினால் சேர்ந்து ஒரே கணக்காகத் தாக்கல் செய்ய அனுமதிக்கலாம் என்று பட்டயக் கணக்காளர் கழகம் 2025-ம் ஆண்டு பட்ஜெட்டுக்கு முன் யோசனை கூறியது. அது பரிசீலிக்கத்தக்கதே. என்றாலும், வேலையே பார்க்காத துணைக்கும் பலன் தரும் அந்த ஏற்பாட்டைவிட, உழைத்தவரின் உழைப்பை அவர் பெயரிலேயே ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடுதான் முதலில் வர வேண்டும். பெண்ணுக்குத் தனிக் கணக்கு, தனி வருமானம், தனி அடையாளம் வேண்டும் என்பதுதான் இலக்கு என்றால், அவளைக் கணவரின் கணக்கில் கரைப்பதோ, கணவரை அவள் கணக்கில் கரைப்பதோ தீர்வாகாது.

புதிய சட்டத்தில் பிரிவின் எண் மாறியிருக்கிறது; வாசகம் சுருங்கியிருக்கிறது; விதி மட்டும் அப்படியே இருக்கிறது. விவாதம் இல்லாமல் சட்டம் இயற்றினால் இப்படித்தான் ஆகும். முழக்கமிட்ட எதிர்க்கட்சிகளுக்கும் சரி, முழக்கத்துக்கு நடுவே அவசரமாக நிறைவேற்றிய ஆளும் தரப்புக்கும் சரி, இதில் பொறுப்பு உண்டு. ஆண்டுதோறும் நிதி மசோதா அவைக்கு வருகிறது. ஒரு திருத்தம் கொண்டுவர நிதியமைச்சகத்துக்கு அதிகச் சிரமம் இல்லை. அதைக் கேட்டுப் பெற உறுப்பினர்களுக்கும் ஒரு தடையும் இல்லை.

கணவனும் மனைவியும் தேர்தலில் தனித்தனியாக வாக்களிக்கிறார்கள். தனித்தனியாகச் சொத்து வாங்குகிறார்கள். குற்றம் செய்தால் தனித்தனியாகத் தண்டிக்கப்படுகிறார்கள். உழைத்தால் மட்டும் ஏன் தனித்தனியாகச் சம்பளம் பெறக் கூடாது? இந்தக் கேள்விக்கு 1975-ல் ஒரு பதில் இருந்தது. இப்போது நாடாளுமன்றம் வேறு பதில் சொல்ல வேண்டும்.